டெல்டா ஆற்றங்கரைகளில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் மறுபடி பங்காகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு, வீரசோழன் எனக் கிளைத்துக்கொண்டே கடல் வரை போகிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. கரை மேல் தார்ச்சாலையோ, கப்பித் தடமோ, வெறும் மண் தடமோ ஏதாவது ஒன்று இருக்கும். திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் போகிற லாரியும் பஸ்ஸும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போய்விடுகின்றன. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வருபவை 36ஆம் எண்ணில் வருகின்றன. மிச்சமிருக்கும் கரைகளில் பால்காரர் பைக், உர மூட்டை ஏற்றிய மொபெட், எப்போதாவது ஒரு டிராக்டர், அவ்வளவுதான். முதுகில் பையோ கேரியரில் மூட்டையோ கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் மெதுவாகச் சைக்கிளில் சுற்ற இதைவிடத் தோதான சமவெளி தமிழ்நாட்டில் குறைவு. திருச்சியிலிருந்து பூம்புகார் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. மேடு என்றால் பாலத்து ஏற்றம் மட்டும்தான்.

ஆனால் இவை சைக்கிளுக்காகப் போட்ட பாதைகள் அல்ல. தண்ணீரைக் கட்டி நிறுத்தப் போட்ட கரைகள். எந்தக் கரை எந்த மாதம் அமைதியாக இருக்கும் என்பதை ஆற்றுத் தண்ணீரும் வயல் வேலையும்தான் முடிவு செய்கின்றன. முதல்முறை வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

பாசனக் காலத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பது

மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும், ஜனவரி 28 அன்று மூடப்படும். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. இந்த இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு யோசித்தால் பயணத்துக்கு ஏற்ற மாதம் தானாகத் தெரிந்துவிடும்.

பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புவதுதான் பெரிய தவறு. வெயில் ஒரு காரணம். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. அணை திறப்பதற்கு முன்னால்தான் தூர்வாரும் பணி நடக்கும். பொக்லைன் எந்திரம் கரையில் நின்றுதான் ஆற்றுக்குள்ளிருந்து மண்ணை அள்ளும். அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டும். சமன்படுத்தும் வரை அந்தத் தடத்தில் சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது. போன வருஷம் யாரோ எடுத்துப் போட்ட அழகான கரைச் சாலைப் படத்தை நம்பி வந்து, மண்மேட்டின் முன் நின்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. தார் போட்ட கரைகளில் மழையோடு போகலாம், குளிர்ச்சியாகக்கூட இருக்கும். மண் தடத்தில் கால் வைக்கக் கூடாது. டெல்டாக் களிமண் ஈரமானால் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைக்கும். ஒரு ஃபர்லாங் போவதற்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சி வைத்து நோண்டி எடுத்தால் அடுத்த ஐம்பது அடியில் மறுபடி அடைக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தால் ஓரளவு தப்பலாம். இல்லாவிட்டால் மழைக்காலத்துக்கு மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி கடைசி வரை உள்ள ஐந்து வாரம்தான் பொற்காலம். ஆற்றில் தண்ணீர் ஓடும், சம்பா வயல் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், மண் தடம் காய்ந்து இறுகியிருக்கும், பதினொரு மணி வரை வெயில் உறைக்காது. ஒரே தொல்லை விடியற்காலைப் பனி. ஏழு, ஏழரை வரை எதிரே வருவது தெரியாத நாட்கள் உண்டு. முன்விளக்கையும் பின்விளக்கையும் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

அறுவடை தொடங்கியதும் காட்சி மாறும். குறுவைக்குச் செப்டம்பர், அக்டோபர். சம்பாவுக்குத் தை, மாசி. அதுவரை ஆளரவம் இல்லாமல் கிடந்த ஊராட்சிச் சாலைக்கு அறுவடை எந்திரம் வரும், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் சாலை அகலத்துக்கும் நிறைந்து வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிற ஊரில் மூட்டை ஏற்ற லாரிகள் வரிசையில் நிற்கும். கொள்முதல் நிலையம் எந்த ஊர்களில் திறந்திருக்கிறது என்று டீக்கடையில் கேட்டு, அந்த ஊர்களை மட்டும் சுற்றிப் போனால் பாதித் தொல்லை போய்விடும்.

காயப் போட்ட நெல்லின் மேல் ஓட்டுவது

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டெல்டாவில் நெல் காய்வதற்குச் சாலைதான் களம். அறுவடை நாட்களில் சாலையின் ஒரு பாதி முழுக்க ஒரு சாண் அகலம் விடாமல் நெல் பரப்பியிருக்கும். அதன் மேல் மெல்ல ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது இரண்டு வகையில் தவறு. முதலாவது, அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. ஈரப்பதம் கூடுதலாக இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்லாகக்கூட இருக்கலாம். இரண்டாவது, தார் மேல் கிடக்கும் நெல்மணி குண்டு பேரிங் மாதிரி உருளும். பிரேக் பிடித்தாலோ ஹேண்டிலைத் திருப்பினாலோ முன்சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளும்.

நெல்லைவிட மோசமானது அதன் விளிம்பு. வண்டி ஏறாமல் இருக்கப் பரப்பின் ஓரமாகக் கருங்கல், செங்கல், பனை மட்டை எல்லாம் வைத்திருப்பார்கள். மாலையில் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும்போது கல் அங்கேயே கிடக்கும். மறுநாள் மறுபடி வேண்டுமே. இருட்டில் வருகிற சைக்கிள்காரர் நெல்லைப் பார்க்க மாட்டார், கல்லைத்தான் பார்ப்பார், அதுவும் மோதிய பிறகு. அறுவடை மாதங்களில் ஆறு மணிக்கு மேல் கிராமச் சாலையில் ஓட்டாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

வரைபடத்தை மட்டும் நம்பிக் கரையைத் தேர்ந்தெடுப்பது

போனில் உள்ள வரைபடம் சொல்கிற ‘குறைந்த தூரம்’ உங்களை நெடுஞ்சாலைக்கே இழுக்கும். நடந்து போகிற வழியைக் கேட்டால் வரப்பின் மேல் ஏற்றிவிடும். இரண்டுமே உதவாது. செயற்கைக்கோள் படத்தை வைத்து முந்தின நாளே உட்கார்ந்து கையால் வழி போட வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது சாலையை அல்ல, பாலங்களை.

ஆற்றுக்கு இரண்டு கரை இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. பெரும்பாலும் ஒரு கரையில்தான் தார் இருக்கும், எதிர்க்கரை மண்ணாகவோ புதராகவோ இருக்கும். அதுவும் கடைசி வரை ஒரே பக்கமாக இருக்காது. ஒரு பாலத்தோடு இந்தப் பக்கத் தார் முடிந்து அந்தப் பக்கம் தொடங்கும். அதைக் கவனிக்காமல் வந்த கரையிலேயே நேரே போனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கழித்துத் தடம் மெலிந்து, ஒற்றையடிப் பாதையாகி, ஒரு வாய்க்கால் மதகில் போய் முடியும். எதிர்க்கரையில் நல்ல சாலை கண்ணெதிரே தெரியும், நடுவே தண்ணீர். திரும்பி வருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி இரண்டு கரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலை.

வரைபடத்தில் பாலம் என்று கோடு போட்டிருப்பதெல்லாம் பாலமும் அல்ல. சில இடங்களில் இரண்டு பனைமரத்தைக் குறுக்கே கிடத்தி மேலே மண் போட்டிருப்பார்கள். சில இடங்களில் கைப்பிடி இல்லாத மூன்றடி அகலக் கான்கிரீட் பலகை இருக்கும். வெறும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் பை தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் பை இடித்துச் சமநிலை போகும். பையைக் கழற்றி முதலில் அக்கரை சேர்த்துவிட்டு, பிறகு சைக்கிளைக் கொண்டுபோக வேண்டும்.

கொள்ளிடம் வேறு கதை. அது அகலமான மணல் ஆறு, பாலத்துக்குப் பாலம் வெகுதூரம். ஒரு பாலத்தை விட்டால் அடுத்தது எங்கே என்று யோசித்துத்தான் திட்டம் போட வேண்டும். இடையில் தரைப்பாலம், மணல் தடம் என்று யாராவது சொன்னால் அது கோடைக்கு மட்டும் பொருந்தும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவுதான் என்றாலும் இறங்கக் கூடாது. அடியில் பாசி பிடித்திருக்கும், சக்கரத்தின் மேல் தண்ணீர் மோதும் வேகம் ஆளைச் சாய்க்கப் போதும். கொள்ளிடக்கரையில் மணல் குவாரியோ செங்கல் சூளையோ நடந்தால் டிப்பர் லாரி ஓடும். கரைச் சாலையில் டயர் அகலத்துக்கு இரண்டு ஆழமான தடமும், நடுவில் மேடும், புழுதியும் தெரிந்தால் லாரி வழி என்று பொருள். அடுத்த பிரிவிலேயே ஊருக்குள் இறங்கிவிடுங்கள்.

இன்னொரு மயக்கம், காவிரியை ஒட்டியே போகிற சாலை என்றாலே அமைதி என்று நினைப்பது. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம் வழியாகப் பூம்புகார் போகும் 22ஆம் எண் மாநில நெடுஞ்சாலை பெரும்பாலும் காவிரியோடுதான் போகிறது. அழகான சாலைதான். ஆனால் தனியார் பஸ், கல்லூரி வேன், கோயிலுக்குப் போகும் கார் எல்லாம் அதில்தான். சாலையும் அகலமில்லை. காலை ஆறிலிருந்து ஏழரை வரை ஓட்டலாம். பள்ளி நேரம் தொடங்கியதும் கிளை ஆற்றுக் கரைக்கு மாறிவிட வேண்டும்.

சாலையின் தரத்தை அறிய எளிய வழி கிலோமீட்டர் கல். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. ஆரஞ்சுக் கல்லைத் தேடிப் போகிறவருக்கு ஹாரன் சத்தம் கேட்காது.

கேள்வியைத் தவறாகக் கேட்பது

“இந்தக் கரையிலே போனா திருக்காட்டுப்பள்ளி போகலாமாண்ணே?” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “போவும், போவும்” என்பார்கள். பொய் இல்லை. அவர் நடந்து போவார், மாட்டை ஓட்டிக்கொண்டு போவார், எப்படியும் போய்விடுவார். வெளியூர் ஆளிடம் முடியாது என்று சொல்ல மனமும் வராது. தூரம் கேட்டால் “பக்கந்தான் தம்பி” என்று வரும். அது இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கும், எட்டாகவும் இருக்கும்.

கேட்க வேண்டியவை வேறு. “நேத்து இந்தப் பக்கம் பைக் போச்சா?” என்று கேளுங்கள், தடம் திறந்திருக்கிறதா என்பது தெரியும். “ஸ்கூல் வேன் இப்படித்தான் வருமா?” என்று கேளுங்கள். வரும் என்றால் நடுவே உடைப்போ உடைந்த மதகோ இல்லை, ஆனால் எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் வேன் வரும். வராது என்றால் அமைதி நிச்சயம், ஆனால் சாலை நிச்சயமில்லை. “எங்கேயாவது ஜல்லி போட்டிருக்கா?” என்பது மூன்றாவது கேள்வி. கிராமச் சாலை போடும்போது ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டுத் தார் ஊற்ற மாதக்கணக்கில் ஆவதுண்டு. உருளாத பெரிய ஜல்லி டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கரையைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடியவர் நீர்வளத்துறையின் லஸ்கர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. தம் எல்லைக்குள் கரையில் எங்கே ஓட்டை, எங்கே சரிவு என்பது அவருக்கு மனப்பாடம். தலைப்பு மதகுகளின் அருகே காலையில் பார்க்கலாம். அடுத்தபடியாகப் பால் எடுக்கிறவர்; தினமும் போகிறவர். கடைத்திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கடைசி.

டயர், டியூப், முள்

டெல்டாவில் பஞ்சருக்கு ஆணி காரணமாவது அபூர்வம். முள்தான். சீமைக்கருவேல் கரை முழுக்க இருக்கிறது. வேலி கழித்த நாளில் வெட்டிய கிளைகளைச் சாலையோரம் இழுத்துப் போடுவார்கள், இழுத்த வழியெல்லாம் முள் உதிரும். வெட்டிய கிளைக் குவியல் கண்ணில் பட்டால் அதற்கு முன்னும் பின்னும் ஐம்பது மீட்டர் சாலையின் நடுவில் ஓட்டுங்கள். சைக்கிளைக் கரையோரப் புல்லில் சாய்ப்பதும் வேண்டாம். நெருஞ்சி முள் அங்கேதான் காத்திருக்கும்.

பஞ்சர் ஒட்டிய பத்தாவது நிமிஷம் மறுபடி காற்று இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முள்ளின் முனை உடைந்து டயருக்குள்ளேயே நிற்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது, தெரிந்தால் விரலில் ஏறும். பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுச் சுற்றும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதை முள்வாங்கியால் உட்புறமாக இழுத்து எடுங்கள். வெளியே நோண்டினால் முனை இன்னும் உடையும். டியூபில் எந்த இடத்தில் ஓட்டை என்பதை வால்விலிருந்து அளந்து டயரில் அதே இடத்தைத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் மங்கலாகும் வரை நாலைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்கிற அவசரத் தவறு. வெயிலில் அந்த ஒட்டு நகர்ந்துவிடும்.

‘எந்த ஊரிலும் சைக்கிள் கடை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அடுத்த தவறு. கடை இருக்கும், உங்கள் சைக்கிளுக்கு உதிரி இருக்காது. கிராமக் கடையில் கிடைப்பவை இரண்டு மூன்று அளவுகள்: பழைய உயர சைக்கிளின் 28 x 1½, பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் லேடீஸ் சைக்கிளின் 26 x 1⅜, சில கடைகளில் பருத்த டயர் போட்ட 26 அங்குலம். நெடுந்தூரப் பயணத்துக்கு வாங்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் 700சி என்ற அளவு. அதன் டயரிலும் சில சமயம் 28 என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார், நீங்களும் வாங்குவீர்கள். பொருந்தாது. உயர சைக்கிளின் 28 x 1½ உட்காரும் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சி ரிம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் தொளதொளப்பு. டயரின் ஓரத்தில் 40-635, 37-622 என்று அச்சிட்டிருக்கும் எண்தான் உண்மையான அளவு, அங்குலக் கணக்கு அல்ல. 26 என்று சொல்லும் இரண்டு டயர்களுக்கும் இதே கதைதான்: லேடீஸ் சைக்கிளுக்கு 590, பருத்த டயருக்கு 559.

டியூபில் கொஞ்சம் இளக்கம் உண்டு. உயர சைக்கிளின் டியூப் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல 700சி டயருக்குள் உட்கார்ந்துவிடும். ஆனால் ரிம்மின் ஓட்டை பார்க்க வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ஓட்டை ஆறரை மில்லிமீட்டர். அதில் நம்மூர் வால்டியூப் வால்வு நுழையாது. பைக் வால்வு மாதிரியான ஷ்ரேடருக்குப் போட்ட எட்டரை மில்லிமீட்டர் ஓட்டை என்றால் நுழையும். சைக்கிள் வாங்கும்போதே ஷ்ரேடர் ஓட்டை உள்ள ரிம்மைக் கேட்டு வாங்குவது கிராமப் பயணத்துக்குப் பெரிய நிம்மதி. பிரெஸ்டாதான் என்றால் அதன் தலையில் திருகும் சின்னப் பித்தளை அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று தொலையும்.

ஆகவே பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அளவுக்குப் பொருந்தும் டியூப் இரண்டு, ஒட்டு பத்து, புதிய சொல்யூஷன் ஒன்று (திறந்த டியூப் வெயிலில் ஒரே மாதத்தில் காய்ந்திருக்கும்), டயர் லீவர் இரண்டு, முள்வாங்கி, பம்பு, செயின் லிங்க் ஒன்று, பின்சக்கரத்தின் செயின் பக்கத்து அளவில் ஆரக்கம்பி இரண்டு. மூட்டை ஏற்றிய சைக்கிளில் ஆரக்கம்பி உடைந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உடையும்.

காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்தால் பஞ்சர் ஆகாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முள்ளுக்கு அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. எழுபது கிலோ ஆள், பத்து கிலோ மூட்டை, 40 மில்லிமீட்டர் டயர் என்றால் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ போதும். எழுபது வைத்துக் கப்பித் தடத்தில் ஓட்டினால் மணிக்கட்டும் இடுப்பும்தான் பஞ்சராகும். லாரிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் சைக்கிளைக் காட்டாதீர்கள். இரண்டு விநாடியில் டியூப் வெடிக்கும்.

காற்றின் திசை

மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. பத்து மணிக்கு மேல் வலுக்கும். அந்த மாதங்களில் கல்லணையில் தொடங்கிக் கிழக்கே இறங்கினால் காற்றே தள்ளிக்கொண்டு போகும். அதே வழியில் மத்தியானம் திரும்பினால் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போவதே பெரும்பாடு. மழைக்காலத்திலும் அதையடுத்த மார்கழி, தையிலும் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது கிழக்கே தொடங்கி மேற்கே வருவது சுகம். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் கடலை நெருங்கினால் பிற்பகலில் கடற்காற்று எதிரே வந்து கணக்கை மாற்றும். தங்குமிடத்துக்கே திரும்பும் வட்டப் பயணம் என்றால் காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றை முடித்துவிட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, ‘இன்று வேகமாக ஓட்டுகிறோம்’ என்று பத்து மணிக்கு மகிழ்ந்து, இரண்டு மணிக்கு அழுவார்கள்.

தூரக் கணக்கும் இங்கே சேர்ந்தது. நெடுஞ்சாலையில் மணிக்கு இருபது ஓட்டுகிறவர் கரைத் தடத்தில் பன்னிரண்டிலிருந்து பதினான்குதான் ஓட்டுவார். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட்டால் சாயங்காலம் அவசரப்பட்டு நெடுஞ்சாலையில் ஏறுவீர்கள். எந்தச் சாலையைத் தவிர்க்க வந்தோமோ அதில், அதுவும் இருட்டுகிற நேரத்தில்.

சாப்பாடு, தண்ணீர், தங்கல்

கிராமத்து டீக்கடை ஐந்து மணிக்கே திறந்துவிடும். இட்லி, பூரி ஒன்பதரைக்குத் தீரும். மத்தியானச் சாப்பாடு என்பது சின்ன ஊர்களில் கிடைக்காது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, பாபநாசம் மாதிரி ஊர்களுக்குத்தான் வர வேண்டும். ஆகவே பன்னிரண்டரைக்கு அப்படி ஓர் ஊரில் இருக்கும்படி வழியை வளையுங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர் ஆகும். எப்போதும் இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் தலை கனக்கும், கால் பிடித்து இழுக்கும். நாளுக்கு ஒரு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பொட்டலம், அரை பாட்டில் என்று கண்மட்டத்துக்குக் கலக்கக் கூடாது. மோர் கிடைத்தால் அதுவும் நல்லது.

தங்க விடுதி தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற நகரங்களில்தான். ஒரே ஊரில் அறை எடுத்து, மூட்டையை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் மூன்று திசையில் சுற்றிவருவது பலருக்கு வசதி. கும்பகோணத்தில் முகூர்த்த நாளிலும் வாரக் கடைசியிலும் கேட்காமல் போய் நிற்காதீர்கள். கல்யாணமும் நவக்கிரகக் கோயில் கூட்டமும் அறைகளை நிரப்பிவிடும். திருவிழாக்களையும் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுங்கள். ஆடிப்பெருக்கன்று எல்லாப் படித்துறையிலும் கூட்டம். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அதற்கு முந்தின நாட்களிலிருந்தே நாகப்பட்டினம் போகும் சாலைகளில் நடைப்பயணிகள் சாரி சாரியாகப் போவார்கள். மார்கழிக் கடைசியிலோ தையிலோ திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை.

நாய், இருட்டு, குளியல்

நாய் துரத்தினால் வேகம் கூட்டுவது தவறு. ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து நடந்தால் பத்தடியில் அதற்குச் சலித்துவிடும். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

கரைச் சாலைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் பத்தடி பள்ளத்தில் வயல். எதிரே டிராக்டர் வந்தால் ஓரத்தில் ஏறி நிற்கலாம் என்று ஒதுங்குவார்கள். மழையில் ஊறிய ஓரம் கால் வைத்ததும் சரியும். ஆற்றுப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். வயல் பக்கமாக, முன்கூட்டியே, அகலமான இடம் பார்த்து இறங்கி நில்லுங்கள்.

வியர்த்து வந்த மத்தியானத்தில் கல்லணைக் கால்வாயைப் பார்த்தால் குதிக்கத் தோன்றும். கான்கிரீட் பூசிய பகுதிகளில் இறங்குவது சுலபம், ஏறுவதற்குப் பிடிமானம் இல்லை. சரிந்த சுவரில் பாசி, அடியில் இழுப்பு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மதகுகளின் கீழ்ப்புறத்தில், தண்ணீர் விழுந்து சுழலும் இடத்தில், முழங்கால் ஆழம் போலத் தெரிவது உண்மையில் அரித்துப்போன குழி. குளிக்க வேண்டும் என்றால் ஊர்க்காரர்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கிற படித்துறையைத் தேடுங்கள். அவர்கள் நிற்கிற படிக்கு ஒரு படி மேலே நின்று, சொம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள்.